நிறுத்தச் சொல்லும் உரிமை

(எம்.ரெட்டியபட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நம் நாடு தன் சொந்த ராக்கெட்டில், தன் சொந்த மண்ணிலிருந்து மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் பணியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறது. ககன்யான் என்று பெயர். அந்த நாள் வரும்போது ஸ்ரீஹரிகோட்டாவில் ஓடும் கவுண்ட்டவுனை நாடே பார்க்கும். அருப்புக்கோட்டைக் கடைவீதியில் பார்ப்பார்கள், திருச்சுழிப் பள்ளிகளில் பார்ப்பார்கள், கரிசல் காட்டு வேலைக்கு நடுவே செல்போனில் பார்ப்பார்கள். அந்தக் கவுண்ட்டவுனை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கவுண்ட்டவுன் என்றால் ராக்கெட் கிளம்புவதற்கான ஏற்பாடு என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ராக்கெட்டைக் கிளப்ப ஒரு பொத்தான் போதும். இத்தனை மணி நேரம் எண்ணுவது, கிளம்பக் கூடாத ராக்கெட்டைக் கிளம்பவிடாமல் தடுப்பதற்காகத்தான். நிறுத்துவதற்கு வாய்ப்பு இருக்கும்வரை நிறுத்தும் உரிமையைப் பலர் கையில் கொடுத்துவைப்பதே கவுண்ட்டவுனின் சாரம். அந்த நிறுத்தத்தை மதிக்கத் தெரிந்த மக்கள், மேலே போகிறவர்களின் உயிர்க்காப்பில் தாங்களும் பங்கு பெறுகிறார்கள். மதிக்கத் தெரியாத மக்கள், தெரியாமலேயே ஆபத்தைக் கூட்டுகிறார்கள். வெடிமருந்தும் நெருப்பும் பிழைப்பாக இருக்கிற விருதுநகர் மாவட்டத்துக்கு இந்தப் பாடம் மற்ற எல்லோரையும்விடக் கூடுதலாகத் தேவை. இதுதான் என் வாதம்.

முதலில் கவுண்ட்டவுன் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். பெரிய ராக்கெட்டுக்கு அது ஏறக்குறைய ஒரு முழு நாள் ஓடும் வேலைப் பட்டியல். எந்த நேரத்தில் எந்தத் தொட்டியில் எரிபொருள் நிரப்புவது, எந்த வால்வைத் திறந்து மூடிப் பார்ப்பது, எந்த மின்கலத்தைச் சோதிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்திருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் எல்லை அளவுகளை முன்கூட்டியே எழுதிவைத்திருப்பார்கள். அழுத்தம் இதற்கு மேல் போகக் கூடாது, வெப்பம் இதற்குக் கீழே இறங்கக் கூடாது, காற்று இந்த வேகத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதிவைத்து, அந்த எல்லை மீறப்பட்டால் எண்ணிக்கையை அங்கேயே நிறுத்துவார்கள். கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு அமைப்புக்கும் பொறுப்பானவரிடம் சம்மதம் கேட்பார்கள். எல்லோரும் ‘சரி’ என்று சொன்னால்தான் மேலே போகலாம். ஒரே ஒருவர் ‘இல்லை’ என்றாலும் போதும், நின்றுவிடும். கடைசி நிமிடங்களில் மனிதக் கண்ணுக்கும் கைக்கும் வேகம் போதாது என்பதால் கணினி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. கணினிக்கும் மனிதர்கள் கொடுத்திருக்கும் முதல் அதிகாரம், சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதுதான். ஸ்ரீஹரிகோட்டாவில் பல ஆண்டுகள் கவுண்ட்டவுன் அறிவிப்புச் செய்த வளர்மதி அவர்களின் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 2023 செப்டம்பரில் அவர் காலமானார். அந்த அமைதியான குரலுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானோர் எண்ணிக்கையை நிறுத்தத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. 2023 அக்டோபர் 21ஆம் தேதி ககன்யானின் முதல் சோதனை ஏவல் நடந்தது. ஆபத்து வந்தால் வீரர்கள் அமரும் கூண்டை ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும் அமைப்பைச் சோதிப்பதற்கான ஏவல் அது. மனிதர் யாரும் உள்ளே இல்லை. காலை 8 மணிக்குக் கிளம்ப வேண்டியது. வானிலை சரியில்லாததால் 8.30க்குத் தள்ளினார்கள், பிறகு 8.45க்குத் தள்ளினார்கள். கடைசியில் எண்ணிக்கை இறங்கி, ஐந்து விநாடி மிச்சமிருக்கும்போது கணினி நிறுத்திவிட்டது. எஞ்சின் சரியாகப் பற்றுகிறதா என்று கண்காணிக்கும் அமைப்பில் ஒரு மாறுபாடு தெரிந்ததுதான் காரணம். நாடு முழுவதும் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த நேரம். விஞ்ஞானிகள் பதறவில்லை. கோளாறு எது என்று கண்டுபிடித்தார்கள், சரிசெய்தார்கள், காலை 10 மணிக்கு ஏவினார்கள். ஏறக்குறைய 12 கிலோமீட்டர் உயரத்தில் கூண்டு பிரிந்தது, பாராசூட்டில் இறங்கிக் கடலில் விழுந்தது, கடற்படை அதை மீட்டுக் கரை சேர்த்தது. அன்று வெற்றி பெற்றது கூண்டு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று இரண்டு அமைப்புகள் தேறின. பறந்த பிறகு உயிரைக் காக்கும் அமைப்பு ஒன்று. பறக்காமல் நிறுத்தி உயிரைக் காக்கும் அமைப்பு மற்றொன்று. இரண்டாவதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசினோம்.

இந்தப் பழக்கம் இஸ்ரோவுக்கு ஒரே நாளில் வந்ததல்ல. 2010ஆம் ஆண்டில் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஏப்ரலிலும் டிசம்பரிலுமாக இரண்டு முறை தோற்றது. அடுத்ததாக இந்தியாவில் செய்த கிரையோஜெனிக் எஞ்சினுடன் 2013 ஆகஸ்ட் 19ஆம் தேதி அது ஏவுதளத்தில் நின்றது. தோல்வியின் கறையைத் துடைக்க வேண்டிய நாள் அது. கிளம்ப 74 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவது தெரிந்தது. நிறுத்தினார்கள். ராக்கெட்டைக் கூடத்துக்கே திருப்பிக்கொண்டு போய், அந்த அடுக்கையே மாற்றி, 2014 ஜனவரி 5ஆம் தேதி ஏவி வெற்றி கண்டார்கள். அடுத்து 2019 ஜூலை 15. சந்திரயான்-2 நள்ளிரவு தாண்டி 2.51 மணிக்குக் கிளம்ப வேண்டும். குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் நேரில் வந்து அமர்ந்திருந்தார். 56 நிமிடம் 24 விநாடி மிச்சமிருக்கும்போது தொழில்நுட்பக் கோளாறு தெரிந்து எண்ணிக்கை நின்றது. நாட்டின் முதல் குடிமகன் எதிரே, தூங்காமல் காத்திருந்த மக்கள் எதிரே, இன்று முடியாது என்று சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து ஜூலை 22ஆம் தேதி ராக்கெட் பிழையில்லாமல் கிளம்பியது. பதவியில் பெரியவர் காத்திருக்கிறார் என்பதற்காக ஒரு வால்வு சரியாகிவிடாது என்று உணர்ந்து நடந்த நிறுவனத்தை நம்பித்தான் நாம் நம் பிள்ளைகளை ராக்கெட்டில் ஏற்றப் போகிறோம்.

மனிதர்கள் உள்ளே இருந்த ராக்கெட்டுகளின் கதை இன்னும் தெளிவானது. 1965 டிசம்பர் 12ஆம் தேதி அமெரிக்காவின் ஜெமினி-6ஏ கலத்தில் வால்டர் ஷிராவும் தாமஸ் ஸ்டாஃபோர்டும் அமர்ந்திருந்தார்கள். எஞ்சின் பற்றியது. ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கணினி அதை அணைத்துவிட்டது. ஒரு மின்செருகி நேரத்துக்கு முன்பே கழன்று விழுந்ததுதான் காரணம். நிறுத்திய பிறகு எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால், வேறொரு கோளாறும் கிடைத்தது. தூசி புகாமலிருக்க மாட்டிய ஒரு சிறு மூடியை யாரோ எடுக்க மறந்து, அது எரிபொருள் பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. செருகி கழன்றிருக்காவிட்டாலும் அந்த எஞ்சின் முழு விசை தந்திருக்காது. ஒரு காரணத்துக்காக நின்ற எண்ணிக்கை, யாருக்கும் தெரியாத இன்னொரு காரணத்தையும் வெளியே கொண்டுவந்தது. மூன்றே நாளில் அதே இருவர் கிளம்பிப் போய், விண்வெளியில் இன்னொரு கலத்தை அருகே சென்று சந்தித்த முதல் பயணத்தை முடித்தார்கள். இன்னொன்று நம் நாட்டோடு நேரடியாகத் தொடர்புள்ளது. 1983 செப்டம்பர் 26ஆம் தேதி பைக்கனூரில் சோயுஸ் ராக்கெட் ஒன்று கிளம்புவதற்குச் சற்று முன் அடியில் தீப்பிடித்தது. உள்ளே விளாதிமிர் டிட்டோவும் கெனாடி ஸ்ட்ரெக்கலோவும் இருந்தார்கள். உயிர்காக்கும் ராக்கெட் அவர்களுடைய கூண்டை மேலே இழுத்துக்கொண்டு போன சில விநாடிகளில் கீழே எல்லாம் வெடித்தது. இருவரும் பிழைத்தார்கள். அதே ஸ்ட்ரெக்கலோவ்தான், ஆறு மாதம் கழித்து, 1984 ஏப்ரல் 3ஆம் தேதி, அதே பைக்கனூரிலிருந்து ராகேஷ் சர்மாவுடன் ஒரே கலத்தில் விண்ணுக்குப் போனார். முதல் இந்தியர் விண்ணில் ஏறிய கலத்தில், ஏவுதளத்து நெருப்பிலிருந்து தப்பிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொடுவதற்கு முன்பே நிறுத்த வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு, நம் ராக்கெட்டின் அமைப்பே காரணம். ககன்யானைச் சுமக்கப்போகும் எல்.வி.எம்.3 ராக்கெட்டின் இரு பக்கமும் இரண்டு திட எரிபொருள் பூஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் எரிபொருள். கிளம்பும்போது பற்றுவது இந்த இரண்டும்தான். நடுவில் இருக்கும் திரவ எரிபொருள் அடுக்கு பறந்துகொண்டிருக்கும்போதுதான் பற்றுகிறது. திரவ எஞ்சினை வால்வை மூடி அணைக்கலாம். திட எரிபொருள் பற்றிவிட்டால் எரிந்து முடியும்வரை அதை அணைக்க உலகத்தில் யாராலும் முடியாது. திரியைப் பற்றவைத்த பிறகு சங்குசக்கரத்திடம் மன்றாடிப் பயனில்லை என்பது இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். அதனால் பூஜ்யத்துக்கு முந்தைய விநாடிவரை நிறுத்த முடியும், பிந்தைய விநாடியிலிருந்து தப்பி ஓடத்தான் முடியும். முன்னதில் நஷ்டம் ஒரு நாள். பின்னதில் நஷ்டம் எதுவாகவும் இருக்கலாம்.

இவ்வளவு இருந்தும் விபத்துகள் நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்தன. அவற்றில் மிகப் பெரிய பாடம் 1986 ஜனவரி 28ஆம் தேதி சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் முடிவு. கிளம்பி 73 விநாடியில் அது சிதறியது. கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை உட்பட ஏழு பேர் மாண்டார்கள். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பலர் வகுப்பறையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட எரிபொருள் பூஸ்டரின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் இறுகிப்போனதுதான் காரணம். முந்தைய இரவே, பூஸ்டரைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் போய்ஸ்ஜாலி போன்றவர்கள், வெப்பநிலை ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஏவ வேண்டாம் என்று சொன்னார்கள். கிளம்பும் நேரத்தில் அங்கே இருந்தது 2 டிகிரி அளவுதான். அவர்களுடைய சொல் எடுபடவில்லை. ஏன் எடுபடவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஏவலாம் என்பவர் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்பதே முறை. அன்று இரவு அது தலைகீழானது. ஏவ வேண்டாம் என்றவர்கள்தான், கட்டாயம் விபத்து நடக்கும் என்று நிரூபிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். அப்படி நிரூபிக்க யாராலும் முடியாது. அதனால் சம்மதம் எழுதிக் கொடுத்தார்கள் மேலதிகாரிகள். இறுதி முடிவெடுத்தவர்களுக்கு இந்த மறுப்பு போய்ச் சேரவே இல்லை. மறுநாள் கவுண்ட்டவுன் கருவிகள் எல்லாம் சரி என்றே காட்டின, ஏனென்றால் அந்த ரப்பர் வளையத்தைக் கேட்கும் கருவி எதுவும் இல்லை. கேட்கத் தெரிந்தவர்கள் மனிதர்கள். அவர்களுடைய வாய் அடைக்கப்பட்டிருந்தது.

சேலஞ்சர் கதையில் மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த ஏவல் அதற்கு முன் பல தடவை தள்ளிப்போயிருந்தது. முந்தைய நாள்கூட, கதவின் கைப்பிடியை எடுக்க முடியாமல் தாமதமாகி, பிறகு காற்று கூடி, நின்றுபோனது. அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகள் அந்தத் தாமதத்தை அவமானமாகப் பேசின. தாமதம் என்றால் திறமையின்மை என்ற எண்ணம் நாட்டில் பரவியிருந்தது. ஆண்டுக்கு இத்தனை ஏவல் என்ற அவசரம் ஏற்கெனவே அந்த நிறுவனத்தை நெருக்கிக்கொண்டிருந்ததை, பின்னர் விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் விரிவாகவே எழுதியது. அப்படிப்பட்ட காற்றில்தான் ஒரு பொறியாளர் நாளையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு கொடுமையும் இதில் இருக்கிறது. சேலஞ்சரில் மாண்டவர்களில் ஒருவரான ஜூடித் ரெஸ்னிக், 1984 ஜூன் 26ஆம் தேதி டிஸ்கவரி ஓடத்தில் அமர்ந்திருந்தார்; கிளம்ப நான்கு விநாடி இருக்கும்போது எஞ்சின் கோளாறால் கணினி எண்ணிக்கையை நிறுத்தியது. அன்று இறங்கி வீட்டுக்குப் போனார், இரண்டு மாதம் கழித்துப் பறந்து நலமாகத் திரும்பினார். கருவி நிறுத்தச் சொன்னபோது கேட்டார்கள். மனிதர்கள் சொன்னபோது கேட்கவில்லை.

தேதி என்ற ஒன்று எவ்வளவு பெரிய எமன் என்பதற்கு இன்னொரு சான்று சோவியத் நாட்டிலிருந்து வருகிறது. 1960 அக்டோபர் 24ஆம் தேதி பைக்கனூரில் ஒரு புதிய ஏவுகணையைச் சோதிக்க வேண்டியிருந்தது. நவம்பர் 7 புரட்சி நாள் விழாவுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற நெருக்கடி. எரிபொருள் நிரப்பிய ராக்கெட்டில் கசிவு தெரிந்தும் அதை வெளியேற்றிவிட்டு வேலை பார்க்கவில்லை. ராக்கெட்டைச் சுற்றிலும் ஆட்கள் நின்று பழுதுபார்த்தார்கள். தளபதி மிட்ரோபான் நெதெலின் தானே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவசரப்படுத்தினார். தவறான நேரத்தில் எஞ்சின் பற்றியது. தளபதியோடு பல பத்துப் பேர் எரிந்து போனார்கள். அந்த விபத்தை அரசு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மறைத்துவைத்தது. மறைத்ததால் மற்றவர்கள் பாடம் கற்கும் வாய்ப்பும் சேர்ந்தே மறைந்தது.

இதற்கு எதிரான நல்ல உதாரணம் நம் கண்ணெதிரே நடந்தது. 2025ஆம் ஆண்டு சுபான்ஷு சுக்லா ஆக்ஸியம்-4 பயணத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போக வேண்டும். மே 29 என்று தொடங்கிய தேதி ஜூனில் பல முறை தள்ளிப்போனது. ஒரு கட்டத்தில் ராக்கெட்டின் திரவ ஆக்சிஜன் குழாயில் கசிவு தெரிந்தது. அதைச் சரிசெய்து சோதித்த பிறகே ஏவ வேண்டும் என்று, அங்கிருந்த இஸ்ரோ குழுவும் உறுதியாக நின்றது. வாடகைக்கு எடுத்த ராக்கெட், வேறு நாட்டு ஏவுதளம், நம் வீரர் ஒருவர். அப்போதும் நம் ஆட்கள் சம்மதம் தர மறுக்கத் தயங்கவில்லை. ஜூன் 25ஆம் தேதி ராக்கெட் கிளம்பியது, ஜூலை 15ஆம் தேதி சுக்லா பத்திரமாகத் திரும்பினார். ஆனால் அந்தத் தாமத நாட்களில் நம் பத்திரிகைத் தலைப்புகளை நினைத்துப் பாருங்கள். மீண்டும் ஒத்திவைப்பு, ஏமாற்றம், சோகம். சுனிதா வில்லியம்ஸ் கதையும் இதுதான். 2024 ஜூன் 5ஆம் தேதி ஸ்டார்லைனரில் போன அவரை, அதே கலத்தில் திருப்பி அனுப்புவது உறுதியான பாதுகாப்பு அல்ல என்று கருதி, கலத்தை ஆளில்லாமல் தரையிறக்கி, அவரையும் புட்ச் வில்மோரையும் வேறு கலத்தில் 2025 மார்ச்சில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதை உலகமே ‘விண்வெளியில் சிக்கித் தவிப்பு’ என்று எழுதியது. சேலஞ்சரில் செய்யாததை இம்முறை செய்தார்கள் என்று எழுதியவர்கள் சிலரே. பார்க்கிறவர்களின் மொழி மாறினால்தான் முடிவெடுப்பவர்களின் தைரியம் வளரும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: இப்படி நின்றுகொண்டே இருந்தால் கிளம்புவது எப்போது? ககன்யானை 2018 சுதந்திர தினத்தில் அறிவித்தபோது 2022க்குள் என்றார்கள், ஆண்டுகள் ஓடிவிட்டனவே என்பது நியாயமான கேள்வி. எல்லாத் தாமதமும் புனிதமானது என்று நான் சொல்லவில்லை. நிர்வாகத் தாமதம் வேறு, சோதனைத் தாமதம் வேறு. அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதற்குப் பக்கத்திலேயே கணக்கு இருக்கிறது. நமக்குத் தெற்கே, திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில், ககன்யானுக்கான கிரையோஜெனிக் எஞ்சினை மனிதப் பயணத்துக்குத் தகுதி பார்த்தார்கள். 6350 விநாடி எரித்துக் காட்ட வேண்டும் என்பது குறைந்தபட்ச விதி. 39 சோதனைகளில் 8810 விநாடி எரித்துக் காட்டினார்கள். 2024 பிப்ரவரியில் தகுதிச் சோதனை முடிந்தது. விதி கேட்டதைவிட 2460 விநாடி கூடுதல். மானாவாரிக் காட்டில் ஒரு தூறலை நம்பி விதையைக் கொட்டாமல், ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று தோண்டிப் பார்க்கிற விவசாயியைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல மாட்டோம். எல்லையை முன்கூட்டியே எழுதிவைத்து, எல்லைக்குள் இருந்தால் கிளம்பு, மீறினால் நில் என்று நடப்பவர்கள் பயந்து நிற்பவர்கள் அல்லர். எல்லை எழுதியிருப்பதால்தான் துணிந்து கிளம்பவும் முடிகிறது.

இரண்டாம் மறுப்பு: நிறுத்தினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. ஜி.எஸ்.எல்.வி.-எஃப்10 ராக்கெட்டை 2020 மார்ச்சில் கிளம்புவதற்கு முந்தைய நாள் நிறுத்தினார்கள். 2021 ஆகஸ்ட் 12ஆம் தேதி ஏவியபோது மூன்றாம் அடுக்கு வேலை செய்யாமல் அது தோற்றது. நிறுத்தம் வெற்றிக்கு உத்தரவாதம் தருவதில்லை. தெரிந்த ஆபத்தோடு கிளம்பக் கூடாது என்பதை மட்டுமே அது உறுதி செய்கிறது. தெரியாத ஆபத்துக்கு ஆராய்ச்சி வேண்டும், தப்பிக்கும் கூண்டு வேண்டும், தோற்ற பிறகு ஒளிக்காமல் சொல்லும் நேர்மை வேண்டும். தெரியாததைத் தடுக்க முடியாது என்பதற்காகத் தெரிந்ததை விட்டுவிடலாமா?

மூன்றாம் மறுப்பு இந்த மண்ணிலிருந்தே வருவது. கண்மாய் தூர்ந்து கிடக்கிறது, சீமைக்கருவேலம் காட்டை மூடிவிட்டது, குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கிறோம், எங்களுக்கு ராக்கெட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மழையை முன்கூட்டிச் சொல்லும் இன்சாட்-3டிஎஸ் போன்ற செயற்கைக்கோள்களை ஏற்றிப் போவதும் இதே ராக்கெட் குடும்பம்தான் என்று பதில் சொல்லலாம். ஆனால் அதைவிட நேரான பதில் ஒன்று இருக்கிறது. ராக்கெட்டுக்காகச் செலவிட்ட பணத்தில் நம் பங்கும் இருக்கிறது. அந்தப் பணத்தில் நாடு கற்றுக்கொண்ட மிக மதிப்புள்ள பழக்கத்தை, ஆபத்தான வேலையில் நிறுத்தும் உரிமையைப் பலர் கையில் கொடுக்கும் பழக்கத்தை, நாம் கேட்டு வாங்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் நடைமுறையாக இருப்பது விருதுநகர் மாவட்டத்தில் ஏன் நடைமுறையாக இல்லை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கேட்க வேண்டிய காரணங்களும் உண்டு. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து நாற்பது பேரளவில் மாண்டார்கள். தீபாவளிக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்த நேரம். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2024 மே 1ஆம் தேதி, உழைப்பாளர் தினத்தன்று, காரியாபட்டி அருகே ஆவியூர் கல்குவாரியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூவர் போனார்கள். இவை மூன்று மட்டும். நடுநடுவே ஒன்றும் இரண்டுமாகப் போனவர்களின் பெயர்கள் மறுநாள் பத்திரிகையின் உள்பக்கத்தோடு முடிந்துவிட்டன. இந்த ஆலை விபத்துகளின் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் செய்திகளைக் கவனியுங்கள். அறையில் அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆட்கள். உள்குத்தகைக்கு விட்ட அறைகள். அனுமதியில்லாத ரகங்கள். மரத்தடியில் மருந்து வேலை. பண்டிகைக்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். எல்லை எழுதப்படாத இடம் எதுவும் இல்லை. வெடிபொருள் விதிகளில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. எழுதிய எல்லை மீறப்படும்போது எண்ணிக்கையை நிறுத்த வேண்டிய ஆள் மட்டும் அங்கே இல்லை. பைக்கனூரில் நவம்பர் 7 செய்த வேலையை இங்கே தீபாவளித் தேதி செய்கிறது.

தொழிலாளி ஏன் நிறுத்தச் சொல்வதில்லை? அறியாமை என்று சொல்வது எளிது. அது பொய். மருந்தின் குணம் அந்தக் கைகளுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது. ஸ்ரீஹரிகோட்டாவில் எண்ணிக்கையை நிறுத்தும் பொறியாளருக்கு அன்றைய சம்பளம் குறைவதில்லை, நாளைய வேலை போவதில்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்யும் பெண் இன்று வெயில் அதிகம், கலவை சூடாக இருக்கிறது, வேண்டாம் என்று எழுந்தால், அன்றைய கூலி அவளுடைய அடுப்பிலிருந்து போகிறது. நிறுத்தத்தின் செலவை ஒரு நாடு ஏற்றால் அது பாதுகாப்பு. அதே செலவை மிக ஏழையான ஒருத்தியின் தலையில் ஏற்றினால் அவள் நிறுத்த மாட்டாள், நிறுத்தவும் முடியாது. போபால் விபத்துக்குப் பிறகு 1987இல், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41எச் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்து நெருங்குகிறது என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்குச் சொல்லலாம், நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும், ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்றது அந்தப் பிரிவு. எச்சரிக்கும் உரிமை அது. நிறுத்தும் உரிமைக்கு அது பாதி வழி. நிறுத்திய நேரத்துக்குக் கூலி என்ற மறுபாதி இல்லாமல் அந்த உரிமை காகிதத்திலேயே கிடக்கும்.

சிறு ஆலைகளால் இதைத் தாங்க முடியாது, தொழிலே அழிந்துவிடும் என்று சொல்வார்கள். இந்தத் தொழிலை நம்பி இந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பதை மறந்து நான் பேசவில்லை. ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நிவாரணத் தொகையை அரசு மக்கள் பணத்திலிருந்து தருகிறது. ஆலை மூடப்படுகிறது, உரிமம் போகிறது, பக்கத்து ஆலைகளிலும் வேலை நிற்கிறது, உயிரோடு மீண்டவர்கள் தீக்காயத்தோடு ஆயுளைக் கழிக்கிறார்கள். விபத்துக்குப் பின் தரும் பணத்தில் ஒரு பங்கை விபத்துக்கு முன் தந்தால், நிறுத்திய நேரத்தின் கூலிக்கு ஒரு பொது நிதியைத் தொழிலும் அரசும் சேர்ந்து ஏற்படுத்த முடியும். ராக்கெட்டையும் பட்டாசையும் ஒப்பிடலாமா என்று கேட்டால், செலவில் ஒப்பிட முடியாது, நுட்பத்தில் ஒப்பிட முடியாது. நெருப்புக்குப் பக்கத்தில் உட்காருகிற மனிதரின் உயிரில் ஒப்பிடலாம். அதில் ஏற்றத்தாழ்வு பார்ப்பது அறமல்ல.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இரண்டு. ஒன்று, ககன்யானின் கவுண்ட்டவுன் ஓடும் நாளில் அதைத் தொடர்ந்து பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். எண்ணிக்கை நின்றால் உச்சுக் கொட்டாதீர்கள். அங்கே யாரோ ஒருவர், அல்லது யாரோ எழுதிய ஒரு விதி, நாடே பார்க்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், கைதட்டச் சொல்லுங்கள். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28ஆம் தேதி அடிக்கல் நாட்டிய ஏவுதளம் செயல்படத் தொடங்கும்போது, நமக்கு இன்னும் பக்கத்தில் கவுண்ட்டவுன்களைப் பார்க்கும் வாய்ப்பு வரும். இரண்டு, அந்தக் கைதட்டலோடு நின்றுவிடாதீர்கள். மருந்து அறையிலும் கல்குவாரியிலும் நிறுத்தச் சொல்லும் உரிமையும் நிறுத்திய நேரத்துக்குக் கூலியும் வேண்டும் என்று ஊராட்சியில் பேசுங்கள், சங்கத்தில் பேசுங்கள், ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள். விபத்து விசாரணை அறிக்கைகளைத் தமிழில் வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். வேலை பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் பொறுப்பு வேலை வாங்குகிறவருடையது, ஆபத்தானது என்று நிரூபிக்கும் சுமை வேலை செய்கிறவருடையது அல்ல என்று எங்கும் எடுத்துச் சொல்லுங்கள். ஒரு நாடு விண்வெளி வீரர்களுக்குக் கொடுக்கும் மரியாதையைத் தன் மருந்து அறைப் பெண்களுக்கும் கொடுக்கும்போதுதான், விண்வெளியில் கற்ற பாடத்தை அது முழுதாகக் கற்றதாக ஆகும். அதுவரை இந்தக் கேள்வியை நாம் விடக் கூடாது.